பழைய காருக்குப் புதுக் கோடு: அலங்காரமா, ஏமாற்றா?

பெயின்ட் வேலை முடிந்து ஒரு பழைய கார் கராஜை விட்டு வெளியே வந்ததும் அதன் உரிமையாளருக்கு அடுத்ததாக வருகின்ற ஆசை பெரும்பாலும் ஒன்றுதான். பொனட்டில் இரண்டு கோடுகள் இழுத்தால் என்ன? பஞ்சிகாவத்தையில் மோட்டார் பெயின்ட் விற்கும் என்னிடம் இந்தக் கேள்வியோடு வருபவர்களில் சொந்தப் பாவனைக்காகக் கேட்பவர்களும் உள்ளனர். வாங்கித் திருத்தி விற்கும் வியாபாரிகளும் உள்ளனர். கேள்வி சிறியதுதான். ஆனால் கோடு இழுக்கும் நேரமும் முறையும் பிழைத்தால் முழுப் பெயின்ட் வேலையையும் மீண்டும் செய்ய நேரிடும். கோடு இழுக்கும் நோக்கம் பிழைத்தால் அந்த விற்பனையில் கிடைத்த பணத்தின் ஹலாலே கேள்விக்குள்ளாகும். இந்த இரண்டு விடயங்களையும் இவ்வாரம் விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

பழைய கார்களின் சந்தை

2020 மார்ச் மாதத்தில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் கொண்டுவர 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருட காலத்தில் ஓடக்கூடிய எந்த வாகனத்துக்கும் ஒரு விலை இருந்தது. வீட்டுக் கொட்டிலில் தூசு படிந்து கிடந்த மொரிஸ் மைனர், ஒஸ்டின் மினி, வொக்ஸ்வாகன் பீட்டில் போன்றவற்றையும் ஆட்கள் தேடிப் போய் வாங்கினர். இறக்குமதி திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் பலருக்கு எட்டாத தூரத்திலேயே இருக்கிறது.

அத்துடன், சிறீ இலக்கத் தகடு கொண்ட கார்கள் இனிமேல் புதிதாக வரப்போவதில்லை. இருப்பவை மட்டும்தான். அவற்றிலும் துருப்பிடித்து அழிபவை போக மிச்சம் குறைந்துகொண்டே போகிறது. இப்படி எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட ஒரு பண்டத்தில் செய்யும் சிறிய வேலையும் அதன் விலையில் கூடுதலாகவோ குறைவாகவோ தெரியும். கோடும் அவ்வாறானதே.

கோடு எங்கிருந்து வந்தது?

முற்காலக் கார்ப் பந்தயங்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம் இருந்தது. பிரித்தானியாவுக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம். அமெரிக்காவுக்கு வெள்ளையும் நீலமும். 1950களில் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் அமெரிக்கரான பிரிக்ஸ் கன்னிங்ஹாம் வெள்ளைக் கார்களில் நீலக் கோடுகளுடன் தனது அணியை இறக்கினார். வேகமாக ஓடும் கார்களுக்கிடையே தமது காரைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண இந்தக் கோடுகள் உதவின.

பின்னர் 1965இல் ஷெல்பி ஜீ.டி.350 என்ற மஸ்டாங் கார் வந்தது. முதல் வருடத்தில் செய்யப்பட்ட 562 கார்களும் வெள்ளை நிறமே. ஆனால் பொனட், கூரை, டிக்கி என்று நீளமாக ஓடும் நீலக் கோடுகள் எல்லாக் கார்களிலும் கம்பனியிலிருந்தே வந்தவை அல்ல. அது மேலதிகமாகக் கேட்டுப் பெறும் அம்சம். விற்பனை முகவர்களும் பின்னர் உரிமையாளர்களுமே பல கார்களில் அவற்றை இழுத்தனர். இன்று அமெரிக்காவில் அந்தக் காரை வாங்க வருபவர், கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. அதை யார், எப்போது இழுத்தது என்றும் கேட்கிறார்.

எமது ஊருக்கு நெருக்கமான உதாரணம் மினிதான். 1959 ஓகஸ்டில் பிரித்தானியாவின் பீ.எம்.சீ. கம்பனி அதை வெளியிட்டது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த அந்தச் சிறிய கார் 2000ஆம் ஆண்டு வரை உற்பத்தியில் இருந்தது. மொத்தம் 53 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டன. பந்தயக் கார் தயாரிப்பாளரான ஜோன் கூப்பருடன் இணைந்து 1961இல் மினி கூப்பர் வெளியானது. அதன் 997 சீசீ எஞ்சினில் இரண்டு காபரேட்டர்கள் இருந்தன. முன் சில்லுகளில் டிஸ்க் பிரேக் இருந்தது. சாதாரண மினிக்கு அப்போது 848 சீசீ மட்டுமே. கூப்பர் எஸ் என்ற வேகம் கூடிய வகை 1963இல் வந்தது. 1964, 1965, 1967 ஆகிய வருடங்களில் மொன்டி கார்லோ ரலியில் மினிகள் வென்ற பிறகு உலகமே அந்தச் சின்னக் காரைத் திரும்பிப் பார்த்தது.

இங்கே பலரும் அறியாத ஒரு விடயம் உண்டு. 1960களில் கடையில் விற்ற மினி கூப்பர்களின் பொனட்டில் வெள்ளைக் கோடு இருக்கவில்லை. கூரைக்கு வேறு நிறம் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். மொன்டி கார்லோவில் வென்ற சிவப்புக் கார்களும் வெள்ளைக் கூரையுடன்தான் ஓடின. வெள்ளைக் கோடுகள் ஜோன் கூப்பரின் பந்தய அணிக்கு உரியவை. 1971இல் நிறுத்தப்பட்ட கூப்பர் பெயரை 1990இல் ரோவர் கம்பனி மீண்டும் கொண்டுவந்தபோதுதான் வெள்ளைக் கோடு கடையில் வாங்கும் காரின் பொனட்டுக்கு வந்தது. ஆகவே 1960களின் மினியில் கோடு இழுத்துவிட்டு 'ஒரிஜினல் கம்பனிக் கோடு' என்று சொல்வது பிழை. அழகுக்காக இழுத்தேன் என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

முதலில் அடியிலுள்ள பெயின்ட்

கோடு நிற்பதும் உரிவதும் அதற்குக் கீழே இருக்கும் பெயின்ட்டைப் பொறுத்தது. எனவே கோட்டின் நிறத்தைத் தெரிவு செய்வதற்கு முன் கார் எந்தப் பெயின்ட்டில் அடிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய கார்களில் பெரும்பாலும் என்.சி. பெயின்ட் இருக்கும். இப்போது அடிப்பவர்கள் ஹார்ட்னர் கலக்கும் டூபெக் பெயின்ட் பாவிக்கிறார்கள். வெள்ளைத் துணியில் சிறிது தின்னர் நனைத்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் கழன்று வந்தால் அது என்.சி.யாக இருக்க வேண்டும், அல்லது இன்னும் இறுகாத பெயின்ட்டாக இருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் அதன் மேல் நேரடியாக டூபெக் கோடு அடித்தால் மேலுள்ள தின்னர் கீழே இறங்கி, தோல் சுருங்குவது போலப் பெயின்ட் சுருங்கி எழும்பும். இடையில் அதற்குரிய சீலர் அடிக்க வேண்டும். அல்லது கோட்டை ஸ்டிக்கரில் செய்ய வேண்டும்.

சிவப்புக் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய சிவப்புப் பெயின்ட்டுகள் சிலவற்றின் சாயம் மேலே அடிக்கும் பெயின்ட்டின் தின்னரில் கரைந்து மேலே ஏறும். இன்று வெள்ளையாக அடித்த கோடு சில நாளில் இளஞ்சிவப்பாகத் தெரியும். எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் அது நிற்காது. ஆகவே சிவப்பின் மேல் வெள்ளைக் கோடு கேட்பவர்களிடம் சாயத்தைத் தடுக்கும் சீலரையும் வாங்கிச் செல்லுமாறு நான் சொல்வதுண்டு. முதலில் டிக்கி மூடியின் உட்பக்கத்தில் ஒரு சிறிய இடத்தில் அடித்துச் சோதிப்பது இன்னும் நல்லது.

எப்போது கோடு இழுக்க வேண்டும்?

சரியான விடை: பெயின்ட் அடிப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். பேஸ் நிறமும் அதன் மேல் கிளியரும் அடிக்கும் முறையாக இருந்தால், காரின் பேஸ் நிறம் காய்ந்ததும் மாஸ்க் செய்து கோட்டின் பேஸ் நிறத்தை அடித்து, டேப்பைக் கழற்றிய பின் முழுப் பகுதிக்கும் கிளியர் அடிக்கலாம். கோடு கிளியருக்கு அடியில் போய்விடும். கையால் தடவினால் விளிம்பு தட்டாது. கழுவும்போதும் பொலிஷ் போடும்போதும் உரியாது. கூலியும் ஒரு தடவைதான்.

பெயின்ட் வேலை முடிந்த பிறகு ஆசை வந்தால் பொறுமை அவசியம். எமது ஈரலிப்பான காலநிலையில் வெளியில் காய்ந்த பெயின்ட், கையால் தொட்டால் காய்ந்தது போல இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வாரக் கணக்கு எடுக்கும். மூக்கை அருகில் கொண்டுபோனால் இன்னும் பெயின்ட் வாசனை வருகிறதென்றால் அது முழுமையாக இறுகவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஸ்டிக்கர் ஒட்டினால் வெளியேற வழியில்லாத வாயு கொப்புளங்களாக எழும்பும். பின்னர் அந்த ஸ்டிக்கரைக் கழற்றும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம். வெளியில் காய்ந்த காருக்குக் குறைந்தது 30 நாட்கள் விடுவது பாதுகாப்பானது. சூடேற்றும் அறையில் 60 பாகை செல்சியஸில் காயவைத்த காருக்கு இதைவிடக் குறைந்த காலம் போதும்.

ஸ்டிக்கரா, பெயின்ட்டா?

ஸ்டிக்கரில் இரண்டு தரங்கள் உண்டு. காஸ்ட் எனப்படும் மெல்லிய தாள் சுமார் 50 மைக்ரோன் தடிப்பில் இருக்கும். வளைவுகளில் படிந்து கிடக்கும், சுருங்குவதும் குறைவு. மற்றையது கலண்டர் வகை. அது தடிப்பானது, மலிவானது. வெயிலில் சுருங்கி விளிம்புகள் எழும்ப, அதில் அழுக்குப் பிடித்துக் கறுப்புக் கோடு போலத் தெரியும். கடைப் பெயர்ப் பலகைக்குப் பொருத்தமான ஸ்டிக்கரைக் கார் பொனட்டில் ஒட்டுவதால் வரும் விளைவு இது. பொனட்டும் கூரையும் நேராக வெயில் வாங்கும் இடங்கள். கதவில் பல வருடம் இருக்கும் அதே ஸ்டிக்கர் பொனட்டில் அதைவிட விரைவாகப் பழுதடையும்.

ஸ்டிக்கரின் நன்மை, பிடிக்காவிட்டால் சூடு காட்டிக் கழற்றலாம் என்பது. ஆனால் வருடக்கணக்கில் ஒட்டியிருந்தால், மூடியிருந்த இடத்தில் பெயின்ட் வெளிறாமல் இருக்கும். கழற்றிய பின்னும் கோட்டின் நிழல் தெரியும். கட் அன்ட் பொலிஷ் செய்தால் குறையும். எல்லா நேரமும் முற்றாக மறையாது.

இறுகிய டூபெக் பெயின்ட்டின் மேல் கோடு அடிப்பதானால் 800 அல்லது 1000 இலக்க வோட்டர் பேப்பரால் பளபளப்புப் போகும்வரை உரச வேண்டும். கிரீஸ், மெழுகு எதுவும் இல்லாதவாறு துடைக்க வேண்டும். விளிம்புக்குச் சாதாரண மாஸ்கிங் டேப் போதாது. அதன் கீழால் பெயின்ட் கசியும். கோட்டு வேலைக்கென்றே பிளாஸ்டிக்கில் வரும் மெல்லிய டேப்பைப் பாவித்து, அதற்கு வெளியே சாதாரண டேப்பையும் கடதாசியையும் ஒட்டுங்கள். ஒரேயடியாகத் தடிப்பாக அடிக்காமல் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். பெயின்ட் முழுதாக இறுகுவதற்கு முன்பே டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுத்தால் விளிம்பு சுத்தமாக வரும். அதன் பின் கோட்டுக்கு மட்டும் கிளியர் அடிக்காமல் முழுப் பொனட்டுக்கும் அடித்து, இறுகிய பிறகு 1500, 2000 இலக்கத் தாள்களால் சமப்படுத்திப் பொலிஷ் செய்ய வேண்டும். டூபெக் ஹார்ட்னரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற இரசாயனம் உண்டு. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கும் பழக்கத்தைக் கைவிட்டு அதற்குரிய முகமூடியை அணியச் சொல்லுங்கள். உங்கள் கராஜில் வேலை செய்யும் பிள்ளையின் ஆரோக்கியமும் உங்களிடம் உள்ள ஓர் அமானிதமே.

அளவும் நிறமும்

பழைய கார்களின் உடல் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஐம்பது, அறுபது வருடங்களில் எத்தனை தடவை டின்கரிங் செய்தார்களோ தெரியாது. பொனட்டின் ஓர் ஓரத்திலிருந்து அளந்தால் கோடு ஒரு பக்கம் சரிந்து நிற்கும். முன் பட்ஜின் நடுவிலிருந்து முன் கண்ணாடியின் நடு வரை நூல் பிடித்து மையத்தைக் கண்டுபிடியுங்கள். பொனட் மூடியிருக்கும்போதே அளக்க வேண்டும். மினியில் கோடுகள் நடுவில் வருவதில்லை. பொனட்டின் இரு ஓரங்களையும் ஒட்டியே வரும். அங்கும் இரண்டும் மையத்திலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதலில் மாஸ்கிங் டேப்பில் கோட்டை ஒட்டி, இருபது அடி பின்னால் போய் நின்று பாருங்கள். ஓர் இரவு விட்டு மறுநாள் காலையிலும் பாருங்கள். டேப்பை மாற்றுவதற்குச் செலவில்லை.

நிறத்திலும் கவனம் தேவை. அக்கால பீ.எம்.சீ. கார்களில் வந்த 'ஓல்ட் இங்லிஷ் வைட்' என்ற வெள்ளை, பால் ஆடை போன்ற மங்கலான வெள்ளை. கூரை அந்த நிறத்தில் இருக்க, பொனட்டில் குளிர்சாதனப் பெட்டி போன்ற பளீர் வெள்ளையில் கோடு அடித்தால் இரண்டும் ஒட்டாது. கூரைக்குக் கலந்த பெயின்ட்டிலேயே கோட்டுக்கும் சிறிது எடுத்து வையுங்கள்.

காரின் நிறம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. பெயின்ட் வேலையில் நிறத்தையே மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் தெரியப்படுத்துவது நல்லது. விற்கும் நாளில் காரும் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் வாங்க வந்தவர் விலையைக் குறைப்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

கராஜ்காரர்களுக்கு ஒரு வார்த்தை

கோட்டு வேலையில் பெயின்ட்டுக்குப் போகும் செலவு சிறியது. அளப்பது, மாஸ்க் செய்வது, உரசுவது, பொலிஷ் செய்வது என்று நேரம்தான் போகிறது. ஆகவே 'சின்னக் கோடுதானே' என்று பெயின்ட்டின் அளவைப் பார்த்து விலை சொல்லாதீர்கள், மணித்தியாலத்தைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். வேறு இடத்தில் பெயின்ட் அடித்த காருக்குக் கோடு இழுக்க வந்தால், அடியிலுள்ள பெயின்ட் உங்கள் வேலையல்ல, அது எழும்பினால் பொறுப்பு யாருக்கு என்பதைத் தொடங்குவதற்கு முன்பே பேசிப் பில்லில் எழுதுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு மார்க்கம் எமக்குக் கற்றுத் தந்திருப்பது பிற்காலச் சண்டைகளைத் தவிர்ப்பதற்கும்தான்.

மடி கட்டிய ஒட்டகம்

இனி விற்பனைக்கு வருவோம். ஒரு சாதாரண மினி 1000க்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, கூரையை வெள்ளையாக்கி, பொனட்டில் இரண்டு வெள்ளைக் கோடும் இழுத்து நிறுத்தினால், விடயம் தெரியாதவரின் கண்ணுக்கு அது கூப்பர். விற்பவர் வாயால் 'கூப்பர்' என்று சொல்லவே இல்லை. வாங்குபவர் அப்படி நினைத்துக் கூடுதலாகக் கொடுத்தார். இதில் விற்பவர் குற்றமற்றவரா?

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பால் தரும் ஒட்டகத்தையும் ஆட்டையும் சில நாள் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, மடி பெருத்த நிலையில் சந்தைக்குக் கொண்டுவரும் வழக்கம் இருந்தது. விற்பவர் இவ்வளவு பால் தரும் என்று சொல்லத் தேவையில்லை, மடியே சொல்லிவிடும். இந்தச் செயலை நபியவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் கறந்து பார்த்த பின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவருக்கு உரிமையும் கொடுத்தார்கள். வாயால் பொய் சொல்லாமல் பொருளின் தோற்றத்தாலேயே ஏமாற்றுவதும் ஏமாற்றுதான் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. கூப்பர் போலக் காட்டி விலை ஏற்றுவதற்காக இழுத்த கோடு, கட்டிய மடிக்கு ஒப்பானதே.

இன்னும் சிலர், இரண்டு பகுதிகளின் நிறம் ஒத்துவராததை மறைக்கவோ, பேஸ்ட் அப்பிய இடத்திலிருந்து பார்வையைத் திருப்பவோ கோட்டைப் பாவிக்கிறார்கள். இது குறையை மறைப்பது. மறைத்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை எமது ஃபிக்ஹு நூல்கள் குறைக்கான கியார் என்ற தலைப்பில் பேசுகின்றன.

வாங்குபவர்களும் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. கோட்டைப் பார்த்து விலை பேசாமல் பொனட்டைத் திறந்து பாருங்கள். காபரேட்டர் ஒன்றா, இரண்டா? முன் சில்லில் டிஸ்க் பிரேக் உண்டா? சீசீயை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 1964இலிருந்து வந்த கூப்பருக்கும் சாதாரண மினி 1000க்கும் ஒரே 998 சீசீதான். சாதாரண மினிகளுக்கும் 1984இலிருந்து டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. பழைய காருக்குப் பிற்காலப் பாகங்களைப் பூட்டியும் இருக்கலாம். எனவே சாசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, அந்த இலக்கம் எந்த வகைக்குரியது என்று அறிந்தவரிடம் கேளுங்கள். சிறிய காந்தமொன்றைத் துணியில் சுற்றிக் கோட்டின் மேலும் பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் பேஸ்ட் தடிப்பாக இருக்கிறது.

விற்பவருக்கு வழி மிக எளிது. "இது மினி 1000. கோடு அழகுக்காக நாங்கள் இழுத்தது. கம்பனிக் கோடு இல்லை. பெயின்ட் இந்த மாதம் அடித்தது" என்று சொல்லி, அதையே விற்பனைப் பத்திரத்திலும் எழுதுங்கள். சொன்னால் விலை சற்றுக் குறையலாம் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். பழைய கார் வாங்குபவர்களின் வட்டம் மிகச் சிறியது. இன்று விற்ற காரைப் பற்றி நாளை பத்துப் பேர் பேசுவார்கள், அடுத்த காரையும் அவர்களிடமே விற்க வேண்டியிருக்கும். நேர்த்தியாக இழுத்த கோட்டுக்கு நியாயமான கூலியை விலையில் சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. இல்லாத கூப்பருக்கு விலை வாங்குவதுதான் தடை. நாம் விற்கும் ஒவ்வொரு பொருளிலும் அல்லாஹ் பரகத் செய்வானாக.